தென்னைக்குள் ஒரு குடித்தனம்

தென்னங்கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ என்று அழைப்பது நம் மரபு. தென்னையைக் கன்னடம் பேசும் உங்கள் நண்பர்கள் ‘தெங்கு’ என்பர். நம் பழந்தமிழ்ச் சொல்லும் அதுவே. பெங்களூரின் பழைய வீடுகள் பலவற்றில் இம்மரத்தைக் காணலாம். நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரம் ஒருநாள் கொண்டை முறிந்து விழும். காற்றின்மீது பழி போடுவோம். உள்ளிருந்து அரித்தது சிவப்புக் கூன்வண்டாக இருக்கக்கூடும்.

செம்பழுப்பு நிறம், நீண்டு வளைந்த மூக்கு, ஏறத்தாழ 3 செ.மீ. நீளம். இவ்வளவே அதன் உருவம். காயத்திலிருந்து கசியும் சாற்றின் மணம் அதனை மரத்திற்கு அழைக்கிறது. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்த துளை, அரிவாள் பட்ட வடு, பச்சை மட்டையை அடியோடு வெட்டிய இடம் ஆகியவையே அதற்கு வாயில்கள். மாமரத்தின் காயத்தைப் புதுப்பட்டை வளர்ந்து மூடிவிடும். தென்னைக்கு அவ்வாற்றல் இல்லை.

பெண்வண்டு தன் வாழ்நாளில் 200க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். 2 முதல் 5 நாள்களில் புழுக்கள் வெளிவரும். அவற்றிற்குக் கால்கள் இல்லை. உணவுக்குள்ளேயே பிறந்த உயிருக்குக் கால் எதற்கு? ஒன்று முதல் மூன்று மாதம்வரை மரத்தின் மென்பகுதியைத் தின்று கொழுத்தபின், நார்களை முறுக்கிக் கூடு கட்டி, அதனுள் கூட்டுப்புழுவாக உறங்கும். இரண்டு மூன்று வாரங்களில் வண்டாகும். வெளியே சென்றே தீரவேண்டும் என்பதும் இல்லை. அடுத்த தலைமுறையும் அதே மரத்தில் தோன்றலாம். வெயிலும் பறவையும் தெளிக்கும் மருந்தும் எட்டாத இடம் அது. தென்னைக்கோ வளரும் குருத்து ஒன்றே. அது அழிந்தால் மரமும் அழியும்.

தண்டில் சிறு துளைகள், பழுப்புநிறச் சாறு, மென்று தள்ளிய நார், வாடும் நடுக்குருத்து ஆகியவை அடையாளங்கள். என் தாத்தா தண்டில் காதை வைத்து நெடுநேரம் நிற்பார். மரத்தோடு பேசுகிறார் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். புழுக்கள் நாரை மெல்லும் ஓசையைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

ஆண்வண்டு ஒருவகை மணத்தைப் பரப்பித் தன் இனத்தை அழைக்கும். அம்மணப்பொருளை 1993இல் அறிவியலாளர் கண்டறிந்தனர். இன்று அதனை வாளியில் தொங்கவிட்டு வண்டுகளைப் பிடிக்கின்றனர். வண்டு தானே பறந்து செல்லும் தொலைவைவிட, மனிதர் அதனைச் சுமந்து சென்ற தொலைவே பெரிது. 1980களில் அரபு நாடுகளின் பேரீச்ச மரங்களையும் அது பற்றியது. புழு பிடித்த இளமரங்களை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்றது பரவலுக்கு முதன்மைக் காரணம்.

உங்கள் தெருவில் மின்கம்பிக்காகத் தென்னமட்டைகளை வெட்டுவதைக் கண்டால், வெட்டுபவரிடம் ஒரு சொல் சொல்லுங்கள்: பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல், ஏறத்தாழ 120 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். அப்போது வெட்டுவாயில் பிறக்கும் புழு தண்டை எட்டுவது அரிது.