நெருப்புக்குள் போன ஓவியம்!

ஜப்பானின் எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, ஒரு காலத்தில் மரவீடுகள் நெருங்கி நின்ற ஊர். 1657-ல் மூண்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. பிறகு 1720 வாக்கில், ஊர்மக்களைக் கொண்டே தீயணைப்புக் குழுக்கள் உருவாயின.

அவர்களின் கவசம், 'ஹிகேஷி பன்தென்' என்ற பருத்திக் கோட்டு. பல துணிகளை அடுக்கி, வரிசை வரிசையாகக் கையாலேயே ஓட்டுத்தையல் போடுவார்கள். 'சாஷிகோ' எனப்படும் இந்தத் தையலால் துணி தடித்து, தண்ணீரை நன்றாக உறிஞ்சும். கோட்டைச் சொட்டச் சொட்ட நனைத்துக்கொண்டுதான் நெருப்பை நெருங்குவார்கள். ஈரத்தில் அதன் எடை எப்படி இருந்திருக்கும்!

வெளிப்பக்கத்தில் பெரும்பாலும் குழுவின் சின்னம்தான் இருக்கும். ஆச்சர்யம் உட்பக்கத்தில்! அரிசிப் பசையால் கோடு வரைந்து, சாயமேற்றிய டிராகன்களும் கதைகளில் வரும் மாவீரர்களும் அங்கே இருப்பார்கள். ஜப்பானியர் நம்பிக்கையில் டிராகன் நீரை ஆளும் தெய்வம். தீயோடு போராடுபவனின் முதுகை ஒட்டி அது துணைக்கு நிற்கும்.

தீ அடங்கியதும் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீதியில் நடப்பார்கள். ஓவியம் அப்போதுதான் ஊர் கண்ணில் படும்.

இன்று அருங்காட்சியகங்களில் நாம் ரசிக்கும் அந்த ஓவியத்தை, அன்று உயிரோடு திரும்பியவர்களால் மட்டுமே ஊருக்குக் காட்ட முடிந்தது.