ஊதிப் போட்ட கேசட்

பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த என் அமுச்சியின், அதாவது தாய்வழிப் பாட்டியின், வீட்டில், கோடை விடுமுறைப் பகல்களில், வெயில் உச்சிக்கு ஏறி, தோட்டத்து மோட்டார் சத்தமும் ஓய்ந்து, பெரியவர்கள் கயிற்றுக் கட்டிலில் கண்ணயர்ந்திருக்கும் வேளையில், நாங்கள் நாலைந்து பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, கோயமுத்தூரிலிருந்து மாமா வாங்கி வந்த 'டி.வி. கேம்' பெட்டியில் மஞ்சள் நிறக் கேசட் ஒன்றை இரண்டு முறை ஊதி, சட்டைத் துணியில் ஒருமுறை துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொருகுவோம். படம் வந்துவிட்டால் உண்டாகும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வெறும் நிறம் மட்டும் திரையை நிறைத்து நின்றுவிட்டால், மறுபடியும் உருவி, மறுபடியும் ஊதுவோம். "கண்ணு, அந்தப் பொட்டிய அணைச்சு வையி, டி.வி. டியூப் போயிருமாமா" என்று கட்டிலில் படுத்தபடியே அமுச்சி சொல்லுவார். டியூபும் போகவில்லை, நாங்கள் அணைக்கவும் இல்லை.

இந்த ஞாபகம் எனக்கு மட்டும் உரியதன்று. 1990-களிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் கொங்கு நாட்டில் பிள்ளைகளாக இருந்து, இன்று நாற்பது வயதை ஒட்டி நிற்கிறவர்கள் பலர், தங்கள் வீட்டுப் பரணில் துணியில் சுற்றிக் கிடக்கும் அந்தப் பெட்டியை எடுத்துத் தூசு தட்டிப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கிறபோது ஒரு கேள்வி எழுவது இயல்பு. அன்று நாம் அனுபவித்த ஆனந்தம் அந்த யந்திரத்தில் இருந்ததா, அல்லது நம்முடைய பால்ய வயதில் இருந்ததா? யந்திரத்தில் இருந்தது என்றால் அது இன்றும் இருக்க வேண்டும்; இருக்கிறதா என்பதைச் சோதித்தறியவும் முடியும்.

அந்தப் பெட்டியின் பூர்வோத்தரம் ஸ்வாரஸ்யமானது. ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, மஸாயுகி உயேமுரா என்ற பொறியாளரின் தலைமையில் உருவாக்கி, 1983 ஜூலை 15-ஆம் தேதி 14,800 யென் விலையில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்னும் சாதனமே அதன் மூலம். அமெரிக்காவில் இது 'என்.இ.எஸ்.' என்ற வேறு பெயரோடும் வேறு உருவத்தோடும் விற்றது. உலகெங்கும் சேர்த்து 6 கோடிக்கும் மேலாக விற்பனையான அந்தப் பொறி, 'சாமுராய்' என்ற பெயரில் இந்தியாவிலும் கிடைத்தது. 1990-களின் நடுவில், மதுபான வியாபாரத்தில் பெயர்பெற்ற ஷா வாலஸ் நிறுவனம் ஸேகா என்ற மற்றொரு விளையாட்டு நிறுவனத்தின் பொறிகளை இந்நாட்டில் விநியோகித்ததும் உண்டு. ஆயினும் அன்றைய இறக்குமதி வரியின் பாரத்தால் இவை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாமலே இருந்தன. நம் வீடுகளை நிறைத்தவை, ஃபேமிகாமின் உள்ளுறுப்புகளைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட பிரதிகளே. காந்திபுரத்திலும் ஒப்பணக்கார வீதியிலும் கடைக்காரர் எந்தப் பெயர் சொல்லி விற்றாலும் நமக்கு எல்லாம் ஒரே 'டி.வி. கேம்'தான். '9999999 இன் 1' என்று மேலே அச்சிட்ட கேசட்டுக்குள் உண்மையில் இருந்தவை சில விளையாட்டுகளே. அவையே வேறு வேறு பெயர்களில் மறுபடி மறுபடி வந்தன. இவற்றால் விளையாட்டுகளைப் படைத்த கலைஞர்களுக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. அவர்களுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

அந்தக் கலைஞர்களின் சாமர்த்தியத்தை அறிவதாவது அக்கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பதாகும். ஃபேமிகாமின் நினைவகம் வெறும் 2 கிலோபைட். படத்துக்கென்று தனியே இன்னொரு 2 கிலோபைட். 1985 செப்டம்பர் 13-ஆம் தேதி வெளிவந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' விளையாட்டு, அதன் முப்பத்திரண்டு கட்டங்களும், கோஜி கோண்டோ அமைத்த சங்கீதமும், ஆமைகளும், காளான்களும் எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று காலை வணக்கம் சொல்லிக் கைபேசிக்கு வருகிற ஒரு பூப்படம் இதைவிடப் பெரியதாக இருக்கும். இடத்தைச் சிக்கனம் செய்வதற்காக, அதை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோவின் குழுவினர் கண்ட உபாயங்களில் ஒன்று, வானத்து மேகத்துக்கும் தரையில் உள்ள புதருக்கும் ஒரே உருவத்தைப் பயன்படுத்தியதாகும். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். எத்தனையோ விடுமுறைகளில் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். திரையின் ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத்துண்டுகளுக்கு மேல் அந்தப் பொறியால் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் அது மறைந்துபோகும். சண்டை உச்சத்தை எட்டும்போது எதிரிகளும் குண்டுகளும் மின்னி மின்னி மறைவதைக் கண்டு, கேசட்டில் ஏதோ கோளாறு என்று நாங்கள் எண்ணியதுண்டு. ஆனால் பல விளையாட்டுகளில் அந்த மின்னல் வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. ஒரே உருவம் முழுவதுமாக மறைந்துபோகாமல், ஒரு நொடிக்குள் பலமுறை, இந்தமுறை இதை விட்டு அடுத்தமுறை அதை விட்டு, எல்லாவற்றுக்கும் இடம் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில், இருக்கும் தண்ணீர் எல்லா நிலத்துக்கும் ஒரே சமயத்தில் போதாது என்பதால், நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்களே, அந்த நியாயம்தான் இதுவும். கொஞ்சத்தைக் கொண்டு பலரையும் காப்பாற்றுகிற வித்தை கொங்கு நாட்டு விவசாயிக்குப் புதிதன்று. அந்த வித்தையின் பலனையே எங்கள் தொலைக்காட்சித் திரையிலும் கண்டோம்.

இனி, எவை நிலைத்திருக்கின்றன, எவை நிலைக்கவில்லை என்பதைப் பார்ப்போம். அண்மையில் சில வாரங்கள் மாலைதோறும் பழைய விளையாட்டுகளை மீண்டும் ஆடிப் பார்த்ததில் எனக்கு உண்டான அபிப்பிராயம் இதுதான். கை அழுத்தத்துக்கும் திரை அசைவுக்கும் இடையில் இம்மியளவும் தாமதம் இல்லாத மேரியோவின் ஓட்டமும் தாவலும் இன்றும் புதுமை குன்றாமல் இருக்கின்றன. 1985-இல் வந்த 'பேட்டில் சிட்டி', அதாவது நாம் 'டேங்க் கேம்' என்று அழைத்தது, அப்படியே ஜீவனோடு இருக்கிறது. இருவர் சேர்ந்து ஒரே கோட்டையைக் காப்பதும், செங்கல்லை அடுக்கி நமக்கு வேண்டிய களத்தை நாமே கட்டிக்கொள்வதும் எந்தக் காலத்துக்கும் பொருந்துகிற இன்பங்கள். 'காண்ட்ரா'வும் அப்படியே. ஆனால் கிரிக்கெட், கால்பந்து போன்றவற்றைப் போலச் செய்த விளையாட்டுகள் பல இன்று சலிப்பையே தருகின்றன. காசு போட்டு ஆடும் கடைகளுக்காக முதலில் படைக்கப்பட்ட விளையாட்டுகளில், ஆடுகிறவனை விரைவில் தோற்கடித்து மறுபடி காசு போட வைக்கும் கடுமை, வீட்டுக்கு வந்த பின்னும் விடவில்லை. இன்னொரு வியப்பும் உண்டு. 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் முப்பரிமாணக் காட்சிகள் அன்று எங்களைப் பிரமிக்க வைத்தன. இன்று அவை கோணல்மாணலாகத் தெரிய, அவற்றுக்கு ஒன்பதாண்டு மூத்த தட்டையான மேரியோ இளமையோடு நிற்கிறான். தன் எல்லைக்கு அப்பால் ஆசைப்பட்ட படைப்புக்கு வயதாகிவிட்டது; எல்லையை அறிந்து அதற்குள்ளேயே நிறைவு கண்ட படைப்புக்கு வயதாகவில்லை.

ஆகவே நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அந்த ஆனந்தத்தில் ஒரு பங்கு விளையாட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதை அனுபவிக்க யந்திரம் ஓட வேண்டுமே! அங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

வாத்து சுடும் விளையாட்டை நினைவுகூருங்கள். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவோ பாய்ந்து திரையைத் தாக்குகிறது என்று நாம் எண்ணினோம். உண்மை அதற்கு நேர்மாறானது. விசையை அழுத்திய கணத்தில் திரை முழுவதும் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றி மறையும். துப்பாக்கியின் முனையில் உள்ள ஒளியுணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும், காணாவிட்டால் தப்பும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கும் இந்தச் சம்பாஷணை, பழைய டியூப் டி.வி.யின் மின்கற்றை கோடு கோடாகப் படம் வரைவதை நம்பியே அமைந்தது. இன்றைய தட்டை டி.வி.யோ, வந்த படத்தை வாங்கி, பதப்படுத்தி, சற்றே தாமதித்துக் காட்டுகிறது; அந்தத் தாமதத்துக்குள் துப்பாக்கி கண்ணை மூடிவிடுகிறது. எத்தனை குறி பார்த்தாலும் ஒரு வாத்தும் விழாது. பிற விளையாட்டுகளிலும், டியூப் திரையில் ஒன்றோடொன்று இழைந்து மிருதுவாகத் தெரிந்த நிறப்புள்ளிகள், புதிய திரையில் கட்டம் கட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேல். அவை எல்லாம் டியூப் பெட்டிகளே. எத்தனையோ கிராமங்களில் பிள்ளைகளின் டி.வி. கேமுக்கு வாய்த்த திரை அதுதான். அந்தப் பெட்டிகள் இன்று வண்டி வண்டியாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அவற்றோடு அந்த விளையாட்டுகளின் பாதி உயிரும் போகிறது.

பெட்டியின் நோய்களும் பல. கேசட்டை ஊதுவதால் பயன் உண்டு என்று நாம் திடமாக நம்பினோம். உண்மையில் பயன் தந்தது உருவி மறுபடி சொருகிய செயல்தான். ஊதியபோது வாயின் ஈரம் பட்டு, செம்புப் பட்டைகள் காலப்போக்கில் களிம்பேறின. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைப்பதே சரியான வைத்தியம். ஜாய்ஸ்டிக்கின் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால், உள்ளே ரப்பரின் அடியில் உள்ள கறுப்புப் பூச்சு தேய்ந்திருக்கும், டி.வி. ரிமோட்டுக்குச் சொல்வது போலவே 'கார்பன் போச்சு' என்று மெக்கானிக் சொல்லுவார். கெபாஸிட்டர் வற்றிப்போனால் மாற்றிவிடலாம். ஆனால் மலிவான பிரதிகளில், மூளையாகிய சில்லின்மேல் கறுப்புப் பிசினை உருக்கிப் பொட்டு வைத்தாற்போல் மூடியிருப்பார்கள். அது செத்தால் அந்தப் பலகையில் மாற்று வைக்க வழியில்லை.

ஒரு மின்மோட்டார் எரிந்தால் தூக்கி எறியாமல், காயில் கட்டி மறுபடி ஓடவிடுகிற ஊர் நம்முடையது. 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய பெருமை ஜி.டி. நாயுடுவுக்கும் பாலசுந்தரத்துக்கும் உரியது. நாயுடுவின் குடும்பத்தார் அவிநாசி சாலையில் அமைத்துள்ள அருங்காட்சியகத்தில் பழைய மோட்டார் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறவனுக்கு, ஒரு யந்திரத்தின் மீதுள்ள அன்பு என்பது அதன் உள்ளுறுப்பைக் கழற்றிப் பார்த்து அறிகிற அறிவோடு சேர்ந்தது என்பது விளங்கும். காருக்கு நாம் செய்த மரியாதையை இந்தச் சிறு பெட்டிக்கும் செய்யலாகாதா? பெர்லினில் கணினி விளையாட்டுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1997-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் அப்போது விலைகொடுத்து வாங்கக் கிடைக்காதவை. முறைப்படி விற்பனையான நாட்டிலேயே கதி இதுவானால், வெளியார் பிரதிசெய்து, பெயரை மாற்றி, கணக்கின்றி விற்ற நம் ஊர்ப் பெட்டிகளின் சரித்திரத்தை யார் எழுதிவைக்கப் போகிறார்கள்? எந்த விளையாட்டு எந்தப் பெயரில் வந்தது, யார் விற்றார், யார் பழுது பார்த்தார் என்பதெல்லாம் இன்னும் சிலரது ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன.

கணினியிலும் கைபேசியிலும் பழைய விளையாட்டை அப்படியே ஓடச்செய்யும் மென்பொருள்கள் இன்று உள்ளனவே என்று கேட்கலாம். அவற்றால் பெரும் பிரயோஜனம் உண்டு. அவை இல்லாவிட்டால் பல விளையாட்டுகள் என்றோ அழிந்திருக்கும். ஆயினும் 'காண்ட்ரா'வின் அருவிக் கட்டத்தில், அவசரப்பட்டு ஒருவன் மேலே ஏறினால், கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய் உயிரை இழப்பான். ஆகவே பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, காத்து, கைகொடுத்து ஏற வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் எந்த மென்பொருளிலும் வருவதில்லை. நாங்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காத்திருக்கக் கற்றது அந்த அருவியில்தான்.

சென்ற மாதம் என் பெட்டியைக் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் டி.வி. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தொடும் வயதினர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கெபாஸிட்டரை மாற்றி, அடாப்டரின் முனையைப் பற்றவைத்து, மூலையில் இருந்த பதினான்கு அங்குல டியூப் பெட்டியில் இணைத்தார். மேரியோவின் நீல வானம் தெரிந்தது. "ஓடுதுங்க. ஆனா இந்த வேலைக்கு இப்ப ஆளு வர்றதில்லீங்க; கத்துக்கறதுக்குப் பசங்க யாராச்சும் இருந்தா அனுப்பி வையுங்க" என்றார்.

கூடவே வந்திருந்த என் பத்து வயது மகள் அவருடைய மேஜைக்கு அருகே போய், பலகையில் இருந்த கறுப்புப் பொட்டைக் காட்டி, அது என்னவென்று கேட்டாள். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்து, பற்றவைப்புக் கோலைக் கையில் எடுத்தார். நாங்கள் வீடு திரும்ப இருட்டிவிட்டது.