பிரேக்கைக் குறை சொல்லுமுன் சக்கரத்தைப் பாருங்கள்

திருவொற்றியூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகனுக்காகப் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினாராம். முன் பிரேக் ரிம்மில் உரசுகிறது, கீச்சிடுகிறது. கட்டையை மாற்றியும் தீரவில்லை. ‘முன் பிரேக்கே வேண்டாம், கழற்றிவிடுங்கள்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களாம். கழற்றலாமா என்று கேட்கிறார்.

கழற்றவே கூடாது. பிரேக் பிடித்த கணத்தில் எடையெல்லாம் முன்பக்கம் சாய்கிறது. முன்சக்கரம் தரையில் அழுந்துகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை இறுக்கிப் பிடித்தால் அது வழுக்கத்தான் செய்யும். காய்ந்த சாலையில் பின் பிரேக் மட்டும் போட்டால் நிற்கும் தூரத்தில், ஏறக்குறையப் பாதியிலேயே முன் பிரேக் நிறுத்திவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாகப் போகிற பிள்ளைக்கு அந்த மிச்சத் தூரம் உயிருக்குச் சமம். குப்புறத் தள்ளிவிடுமே என்ற பயம் நியாயமானது. சட்டென்று பிடிக்காமல், உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, படிப்படியாக அழுத்தப் பழக்கினால் அந்தப் பயம் போய்விடும்.

மலை சைக்கிளின் தொடக்கக் கதையிலேயே பிரேக் இருக்கிறது. 1976இல் கலிபோர்னியாவின் மாரின் பகுதி இளைஞர்கள் கனத்த பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அது. இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். திரும்பவும் கிரீஸ் அடைத்துத்தான் அடுத்த ஓட்டம். கைப்பிடியில் அழுத்தும் வலுவான பிரேக்குகளை அந்தச் சரிவுகள்தாம் கேட்டு வாங்கின. இன்று பழைய கியர் சைக்கிள்களில் நாம் பார்க்கிற, ரிம்மின் இருபுறமும் நெட்டையான இரண்டு கைகள் கொண்ட வி-பிரேக்கை ஷிமானோ 1996 வாக்கில் கொண்டுவந்தது.

இனி வாசகரின் சைக்கிள். பிரேக்கைத் தொடாமல் முதலில் சக்கரம் ஃபோர்க்கில் நேராக உட்கார்ந்திருக்கிறதா, நட்டு இறுக்கமா என்று பாருங்கள். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். லொடலொடவென்றால் கோனும் பால்ரஸும் தேய்ந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். முன் பிரேக்கை அழுத்தியபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே தட்டினால் கோளாறு அங்குள்ள கப்பில். பிறகு முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். சுற்றுக்கு ஓரிடத்தில் மட்டும் உரசினால் சக்கரத்தில் பெண்டு. சுற்று முழுக்க ஒரே பக்கம் உரசினால்தான் பிரேக் கையில் குறை. அந்தக் கையின் அடியில் உள்ள சின்ன ஸ்க்ரூவை இறுக்கினால் ஸ்பிரிங் விறைத்துக் கட்டை விலகும். கீச்சொலிக்குக் கட்டையின் முன்முனை ஒரு மயிரிழை முந்தித் தொடும்படி திருப்பி வைத்தாலே பெரும்பாலும் போதும்.

வாசகர் சொல்வதைப் பார்த்தால் பெண்டாகத்தான் இருக்க வேண்டும். எனக்குச் சலிக்காத அதிசயமும் அங்கேதான் இருக்கிறது. ஸ்போக்ஸ் கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். தனியாக எடுத்து நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் வளைந்துவிடும். சக்கரத்தில் மட்டும் எப்படி ஆளைத் தாங்குகிறது? எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. நாம் ஏறி உட்காரும்போது தரைக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளின் விறைப்பு கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறைவுதான் நம் எடையைத் தாங்கும் வழி. மேலே உள்ள கம்பிகளில் பெரிதாக மாற்றம் இருக்காது.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முன்பு டிவி ஆன்டெனாக் கம்பம் இருந்தது. நாலாபுறமும் இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்று தளர்ந்தால், எதிர்ப்பக்கக் கம்பி கம்பத்தைத் தன் பக்கம் சாய்த்துவிடும். ரிம்மும் அப்படியே. வலப்பக்கம் சாய்ந்த இடத்தில் வலக்கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, இடக்கம்பிகளை அதே அளவு இறுக்க வேண்டும். ஒரு முறைக்கு, கம்பியை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிளில் கால் திருப்பு போதும். அவசரப்பட்டு ஒரே கம்பியை முறுக்கினால் பெண்டு வேறிடத்துக்கு நகரும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இன்னொரு எதிரி உண்டு, உப்புக்காற்று. கம்பி துருப்பிடிக்கும், நிப்பிள் இறுகும், பிரேக் ஒயர் உறைக்குள்ளேயே சிக்கும். இறுகிய நிப்பிளை வலுவாகத் திருப்பினால் கம்பி முறியும். முந்தின இரவே ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். ரிம்மிலோ கட்டையிலோ எண்ணெய் பட்டால் பிரேக்கே பிடிக்காது. டிஸ்க் பிரேக் வண்டிக்கு இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு.

மோட்டார் சைக்கிளைத் தினமும் துடைக்கிற வீட்டில், பிள்ளையின் சைக்கிள் கடற்காற்றில் வாசலிலேயே கிடக்கிறது. வாரம் ஒரு முறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவைத்து, ஒயர் முனையில் சொட்டு எண்ணெய் விட நேரம் அதிகம் ஆகாது. பெண்டு எடுப்பது பொறுமையும் கண்ணும் கையும் சேர்ந்த கைவேலை. கட்டை மாற்றினால் கேட்ட காசைக் கொடுக்கிறோம். ஒரு பாகமும் மாற்றாமல் சக்கரத்தை நேராக்கித் தந்தவரிடம் மட்டும் ‘என்ன மாத்துன, இவ்வளவு கேக்குற?’ என்று பேரம் பேசுகிறோம். அந்த வேலை தெரிந்தவர்கள் தொழிலை விட்டுப் போக நாமும் காரணம். உங்கள் பேட்டையில் பெண்டு எடுக்கத் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இன்னும் இருந்தால், இந்த வாரமே வண்டியை அவரிடம் கொண்டுபோங்கள். அவர் கேட்கும் கூலியை முழுதாகக் கொடுங்கள்.