தற்கொலைத் தடுப்பு: முதல் சில மணி நேரமும் பின்வரும் மாதங்களும்

வீட்டில் வீணாகும் நேரம்

பூச்சிமருந்து குடித்தவரைக் காப்பாற்ற முடியாமல் போவதற்கு நஞ்சின் கடுமையோடு வீட்டில் கழிந்த நேரமும் காரணமாகிறது என்பதை அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் நன்கறிவர். உப்புக் கரைசலையோ சாணிக் கரைசலையோ புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. நினைவு மங்கியவரின் வாயில் ஊற்றப்படும் கரைசல் நுரையீரலுக்குள் இறங்கி மூச்சை அடைக்குமே தவிர நஞ்சை முறிக்காது. இதைக் கைவைத்தியம் என்று சொல்வதே கைவைத்தியத்துக்கு இழுக்கு. உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்வதே செய்யத்தக்கது. சில நஞ்சுகள் நாட்கள் கழித்தே உறுப்புகளைத் தாக்குவதால், முதல் நாள் தெளிவாகப் பேசுகிறார் என்று நம்பி வீட்டுக்கு அழைத்துப்போவதும் ஆபத்தானது. தேவையான பரிசோதனைகளை மருத்துவரே முடிவு செய்வார்.

போலீஸ் கேஸாகிவிடும் என்று அஞ்சித் தாமதிப்பவர்களும், ‘தெரியாமல் குடித்துவிட்டார்’ என்று மறைத்து மனநல ஆலோசனைக்கான வாய்ப்பையே இழப்பவர்களும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி அவரைத் தண்டனையிலிருந்து விலக்குவதோடு, சிகிச்சையையும் மறுவாழ்வையும் அரசின் கடமையாக்குகிறது.

ஊர் நம்புவதும் ஆய்வு சொல்வதும்

‘சாகப்போகிறேன் என்பவர் சாகமாட்டார்’ என்பது தவறு. முயன்றவர்களில் பலர் முன்பே யாரிடமாவது அதைச் சொல்லியிருக்கின்றனர். வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கும் ஆய்வுகளில் ஆதாரமில்லை. கையைக் கீறிக்கொள்ளும் இளையோரை ‘நாடகம்’ என்று ஒதுக்குவது இவற்றினும் கொடிது. முன்பு தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டிருப்பது பிற்காலத் தற்கொலைக்கான மிக வலுவான முன்னறிகுறிகளுள் ஒன்று.

ஒரு வழியை அடைத்தால் மற்றொன்றைத் தேடுவார்கள் என்ற வாதத்தை இலங்கை பொய்யாக்கியது. அங்கு 1995-இல் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் பத்தே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியானது. முயற்சிகளில் பல கணநேர உந்துதலில் நிகழ்பவை. அக்கணம் கடக்கும்வரை கொடிய பொருள் கைக்கெட்டாதிருந்தால் உயிர் தப்புகிறது. ஆயினும், பூச்சிமருந்துக்கு வீட்டுக்குள்ளேயே பூட்டுப் பெட்டி வைப்பது அந்நாட்டின் அநுராதபுர மாவட்டத்தில் நடந்த பெரும் ஆய்வொன்றில் பயன் தரவில்லை. அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பெட்டி வீட்டில் இருந்தால் சாவியும் வீட்டில்தானே இருக்கும்.

வீடு திரும்பிய பின்

சென்னையும் கொழும்பும் உள்ளிட்ட ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. ஒரு மணி நேர ஆலோசனையும் பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரிப்பும் பெற்றவர்களில் 0.2 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினரும் தற்கொலையால் இறந்தனர். வீடுகளிலோ, சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும், சற்றுத் தெளிந்ததும் மனச்சோர்வு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவதுமே நடக்கின்றன. மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் உறவினரோ மருந்துக்கடைக்காரரோ மருத்துவர் அல்லர்.

மீந்த பூச்சிமருந்தை வீட்டில் வைக்கவே வேண்டாம். பிழைத்து வந்தவரைக் குற்றவாளிபோல் விசாரிக்கவும் வேண்டாம். மன உளைச்சலில் உள்ளவரும் அவரைக் கண்டு கலங்குபவரும் 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணையோ, தமிழ்நாட்டில் 104-ஐயோ எந்நேரமும் அழைக்கலாம்; தயவுசெய்து விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.