திரையில் தெரியாத சேரி: மின்னணு வரைபடத்தின் காட்சிப் பரப்பு

‘வரைபடத்தில் அப்படியொரு பாதையே இல்லை.’ சுடுகாட்டுப் பாதை வழக்கில் எதிர்த்தரப்பு இவ்வாறு வாதிட்டால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தக் காட்சிப் பரப்பில் இல்லை?

மின்னணு வரைபடத்தில் தரவு வேறு, திரையில் தெரிவது வேறு. மையப்புள்ளி, ஜூம் நிலை, திரையின் அளவு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு செவ்வகத்தைத் தீர்மானிக்கின்றன. அதன் தெற்கு, வடக்கு எல்லைகளை அட்சரேகைகளும், மேற்கு, கிழக்கு எல்லைகளைத் தீர்க்கரேகைகளும் குறிக்கின்றன. இச்செவ்வகத்துக்கு வெளியே இருப்பவை தரவில் இருந்தாலும் திரைக்கு வருவதில்லை.

உள்ளே இருப்பவையும் முழுமையாகத் தெரிவதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற இணைய வரைபடங்களில் 0 ஆம் நிலையில் உலகம் முழுவதும் 256 படப்புள்ளி அகலமுள்ள ஒரே சதுரத்தில் அடங்கும். ஒவ்வொரு நிலைக்கும் அகலம் இருமடங்காகும். தமிழ்நாட்டில், 15 ஆம் நிலையில் ஒரு படப்புள்ளி சுமார் 4.7 மீட்டர், 18 ஆம் நிலையில் சுமார் 60 சென்டிமீட்டர். ஆகவே 3 மீட்டர் அகலமுள்ள பாதை, 15 ஆம் நிலைச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளிக்குள் கரைந்துவிடும்.

பெயர்களுக்கும் தரவரிசை உண்டு. இரண்டு பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மென்பொருள் ‘பெரிய’ இடத்தின் பெயரை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஊரைக் கிராமமாகவும் சேரியை அதன் குக்கிராமமாகவும் பதிந்திருந்தால், விடுபடுவது சேரியின் பெயரே. மென்பொருளுக்குச் சாதி தெரியாது. ஆனால் நாம் பதியும் வரிசையை அது அப்படியே திருப்பிக் காட்டும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஓர் அடுக்கு எந்த அளவுகோலில் தெரிய வேண்டும் என்பதையும் வரைபவரே முடிவு செய்யலாம்.

முழுமையாகப் பெரிதாக்கி, எல்லா அடுக்குகளையும் திறந்த பிறகும் பாதை தெரியாவிட்டால், அது தரவிலேயே பதியப்படாமல் இருக்கலாம். அப்போதும் நிலத்தில் பாதை இல்லை என்று ஆகிவிடாது.

எனவே எதிர்த்தரப்பு அளிக்கும் வரைபடத்தின் நான்கு எல்லைகள், அளவுகோல், அடுக்குகளின் பட்டியல், தரவின் தேதி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தோடும் புலப்படத்தோடும் ஒப்பிடுங்கள். நாம் தாக்கல் செய்யும் வரைபடத்தில் ஊர், சேரி, சுடுகாடு மூன்றும் ஒரே செவ்வகத்தில் அடங்கட்டும். பாதையைப் பெரிதாக்கிய படத்தையும் தனியே இணையுங்கள். திரைப்பதிவு மின்னணுச் சான்று என்பதால், பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63(4) கோரும் சான்றிதழை மறவாதீர்கள்.