கண் நிறைந்தால் தலை சுற்றுகிறதா?

சிங்கப்பூர் போய் வந்தவர்களிடம் தேக்காவைப் பற்றிக் கேளுங்கள், முகம் மலரும். பூச்சரங்கள், அஞ்சடியெங்கும் தொங்கும் புடவைகள், டான் டெங் நியா என்ற சீன வணிகருக்காக 1900-இல் எழுந்து இன்று பல வண்ணத்தில் மின்னும் கெர்பாவ் ரோட்டு வீடு, தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலைக்கு மேலே விளக்குத் தோரணம்! நமக்குக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அதே தெருவில் பத்து நிமிடம் நடந்ததும் முகம் வெளிறி, தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. “போதும், வீட்டுக்குப் போகலாம்” என்று தவிக்கும் பெரியவர்களும் உண்டு. நாம் உடனே ‘பிடிவாதம்’ என்கிறோம்; இல்லையென்றால் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுகிறோம்.

தாய்மார்களே, இது பிடிவாதமல்ல. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் ஒரு சமயத்தில் மிகத் தெளிவாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அகலந்தான். மற்றவற்றைப் புடைத்து ஒதுக்குவது மூளையின் வேலை. சிலருக்கு அந்த முறம் சரியாகப் புடைப்பதில்லை. அரிசியும் கல்லும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. ஆட்டிசம் உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், தலையில் அடிபட்டுத் தேறியவர்கள் ஆகியோரிடம் இதை அதிகம் காணலாம். புதிதாகத் திடீரென்று வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு வகுப்பறைச் சுவரை நிரப்பாவிட்டால் தூக்கம் வராது! 2014-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 24 பாலர்களை வைத்துச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். படங்கள் நிறைந்த அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 சதவீதம், வெறுஞ்சுவர் அறையில் 28.4. சாதாரணப் பிள்ளைகளுக்கே இப்படியென்றால், கூச்சமுள்ள பிள்ளையின் பாடு என்ன? என் வகுப்பில் கரும்பலகைச் சுவரில் எதையும் மாட்டுவதில்லை.

சரி, அதற்காகத் தேக்காவுக்கே போகாமல் இருப்பதா? கல்யாணப் புடவை எடுக்க வேண்டுமே! ஞாயிறு மாலையைத் தவிருங்கள். தொழிலாளர்களின் ஓய்வு நேரம், தோளோடு தோள் உரசும். வாரநாள் காலையில் போங்கள். முஸ்தபா சென்டர் போன்று சரக்கு அடுக்கடுக்காக நிறைந்த இடத்துக்குச் சீட்டும் கையுமாக ஒருவர் மட்டும் போய் வாங்கி வரட்டும். விளிம்புள்ள தொப்பி, மேலே தொங்குவதை மறைக்கும். முன்னால் நடப்பவர் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தால், அவர் முதுகைப் பார்த்தபடியே பிள்ளையை நடக்கச் சொல்லலாம். கறுப்புக் கண்ணாடி வெயிலுக்குச் சரி. வீட்டுக்குள்ளும் அதையே அணிந்துகொண்டிருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, இன்னும் அதிகமாகக் கூசும்.

லிட்டில் இந்தியாவில் ஊதா நிற ரயிலில் ஏறினால் பத்தாவது நிலையம் பொங்கோல். அங்கே 2023-இல் திறந்த வட்டார நூலகத்தில், இப்படித் திணறுபவர்கள் சற்றே ஒதுங்கி அமைதியடைய சின்னஞ்சிறு தடுப்பறைகள் அமைத்திருக்கிறார்கள்.

தோட்ட வீட்டில் தனியறைக்கு எங்கே போவது என்கிறீர்களா? காலண்டர், பிளாஸ்டிக் பூ, மாமாவின் கல்யாணப் படம் எதுவுமில்லாமல் ஒரே ஒரு சுவரை விட்டுவையுங்கள். பிள்ளையின் மேசையை அதன் பக்கம் திருப்பிப் போடுங்கள். மாமியார் கேட்டால், தீபாவளிக்குப் பிறகு மாட்டலாம் என்று சொல்லி வையுங்கள்.