ஒரே கிருமி, இரண்டு நோய்

தொழுநோயை உண்டாக்குவது மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற பாக்டீரியா. அது நுழைந்த உடம்புகளில் பெரும்பாலானவை நோயே இல்லாமல் தப்பித்துவிடுகின்றன. நோய் வருகிறவர்களுக்கும் அது ஒரே மாதிரி வருவதில்லை. சிலருக்கு உணர்ச்சியற்ற ஒன்றிரண்டு தேமல்களோடு நின்றுவிடும்; அங்கிருந்து திசுவை எடுத்து நுண்ணோக்கியில் தேடினாலும் கிருமியைக் காண்பது அரிது. வேறு சிலருக்கு முகமும் காதுமடலும் முடிச்சு முடிச்சாகத் தடித்து, தோலெங்கும் கிருமி கணக்கில்லாமல் பெருகிக் கிடக்கும். 1966இல் ரிட்லி, ஜோப்ளிங் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த இரு முனைகளையும் இடைப்பட்ட நிலைகளையும் வகைப்படுத்தினார்கள். ஆனால் ஒரே கிருமி ஏன் இப்படி இரண்டு நோயாகிறது என்பதற்கு 1991இல்தான் ஒரு துப்பு கிடைத்தது. கிருமி குறைந்த புண்களில் இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூக்கின்-2 ஆகிய மூலக்கூறுகள் மிகுந்திருந்தன. கிருமி மலிந்த புண்களில் இன்டர்லூக்கின்-4, 5, 10 ஆகியவை மிகுந்திருந்தன. செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளச் சுரக்கும் இந்தச் சிறு புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர்.

அழற்சி என்றாலே வீக்கம், சூடு, வலி, சேதம் என்றுதான் நினைக்கிறோம். அடக்க வேண்டிய ஒன்றாகவே அதைப் பார்க்கிறோம். இது பாதி உண்மைதான். அழற்சியின்போது சுரக்கும் சைட்டோகைன்கள், நோயெதிர்ப்பின் மையத்தில் இருக்கும் டி செல்கள் எந்த வேலைக்கு வளர வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. அழற்சி கூடியதா, குறைந்ததா என்று அளப்பதைவிட, எந்த மூலக்கூறு எந்த நேரத்தில் சுரந்தது என்று கேட்பதுதான் நோயைப் புரிந்துகொள்ள உதவும் என்பது என் வாதம்.

டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுகின்றன. அதுவரை பயனற்ற உறுப்பு என்று கருதப்பட்ட தைமஸை, பிறந்தவுடன் எலிக்குஞ்சுகளிடமிருந்து நீக்கினால் அவற்றின் நோயெதிர்ப்பே குலைந்துவிடுகிறது என்று ஜாக் மில்லர் 1961இல் காட்டினார். தைமஸிலிருந்து வெளியேறும் உதவி டி செல்லுக்கு எதை அடையாளம் காண வேண்டும் என்பது தெரியும். கண்டபின் என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் முடிவாகியிருக்காது. அந்த முடிவு நிணநீர் முடிச்சுகளில், அதாவது தொற்று வந்தால் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறதே அந்த இடங்களில், எடுக்கப்படுகிறது. கிருமியின் துணுக்கைச் சுமந்துவரும் டென்ட்ரிட்டிக் செல், டி செல்லிடம் மூன்று சேதிகளைச் சேர்க்கிறது: இதோ அந்நியப் பொருள்; இது உண்மையான ஆபத்து; இதற்கு இன்ன விதமாகப் பதில் சொல். மூன்றாவது சேதியைச் சொல்வது பெரும்பாலும் சைட்டோகைன்கள்தான். இன்டர்லூக்கின்-12 மிகுந்தால் அந்தச் செல் டிஎச்1 என்ற வகையாகி, செல்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளைக் கொல்லும்படி மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களைத் தூண்டும். இன்டர்லூக்கின்-4 மிகுந்தால் டிஎச்2 ஆகி, குடற்புழுக்களை எதிர்க்கும் வழியில் போகும். ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் துணைபோவதும் இதே வகைதான். இந்த இரண்டு வகைகளையும் 1986இல் மோஸ்மனும் காஃப்மனும் பிரித்துக் காட்டினார்கள்.

தொழுநோய்ப் புண்ணில் கண்ட சைட்டோகைன்கள் நோயின் காரணமா, விளைவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி; புண்ணைப் பார்த்து மட்டும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை வைத்து எலிகளில் செய்த சோதனைகள்தான் பதில் சொல்லின. பால்ப்-சி என்ற எலி இனம் இந்தத் தொற்றைத் தாங்காது. அவற்றின் டி செல்கள் இன்டர்லூக்கின்-4இன் வழியில் போய்விடும். தொற்றின் தொடக்கத்திலேயே அந்த மூலக்கூறைத் தடுத்தபோது, அல்லது முதல் வாரத்தில் இன்டர்லூக்கின்-12 கொடுத்தபோது, சாக வேண்டிய எலிகள் குணமாயின. அதே மருந்தைத் தாமதித்துக் கொடுத்தால் பலனில்லை. எலியும் ஒட்டுண்ணியும் அவையேதான். தொடக்க நாட்களின் சேதியை மாற்றியதும் முடிவு மாறியது.

இதைவிட வியப்பானது 2006இல் வெளியானது. டிஜிஎஃப்-பீட்டா என்ற மூலக்கூறு தனியாகக் கிடைத்தால், இளம் டி செல் எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் செல்லாகிறது. அதோடு இன்டர்லூக்கின்-6 சேர்ந்தால் அதே செல் நேரெதிராக, கடும் அழற்சியைக் கிளப்பும் டிஎச்17 ஆகிவிடுகிறது. ஒழுங்குபடுத்தும் செல்களை 1995இல் அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சி, அவற்றுக்கு ஆதாரமான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவரும் 2025இல் நோபல் பரிசு பெற்றார்கள். குடலை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். உணவும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் நிறைந்த இடம் அது. அமைதிக் காலத்தில் அங்கே டிஜிஎஃப்-பீட்டா சகிப்பைக் காக்கிறது. கிருமி சுவரைத் துளைத்து இன்டர்லூக்கின்-6 பெருகும்போது, சகிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த செல்லே போருக்குத் திரும்புகிறது. சமாதானத்துக்கும் சண்டைக்கும் தனித்தனித் தொடக்கங்கள் இல்லை. ஒரு மூலக்கூறு கூடுவதிலோ குறைவதிலோ பாதை பிரிகிறது. தன்னுடல் தாக்கு நோய்கள் ஏன் இவ்வளவு சாதாரணமாக வருகின்றன என்பதற்கு இது ஒரு விளக்கம் என்றே நான் கருதுகிறேன்.

இதெல்லாம் எலியிலும் ஆய்வுக்கூடத் தட்டிலும் நடந்தவைதானே, மனிதருக்குப் பொருந்துமா? மனிதரில் இப்படிச் சோதிக்க முடியாது. ஆனால் இயற்கையே சில குழந்தைகளிடம் அந்தச் சோதனையைச் செய்துவிடுகிறது. இந்தியாவில் பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசியில் உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி இருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் அது தோளில் ஒரு தழும்போடு முடிந்துவிடும். இன்டர்லூக்கின்-12 அல்லது இன்டர்ஃபெரான் காமாவின் சேதியைப் பெறும் மரபணுவில் பழுதுள்ள மிக அரிதான குழந்தைகளுக்கோ அதே தடுப்பூசிக் கிருமி உடலெங்கும் பரவிவிடுகிறது. ஸ்டாட்3 என்ற மரபணுவில் பழுதுள்ளவர்களின் கதை வேறு. இன்டர்லூக்கின்-6இன் சேதி செல்லுக்குள் சேராததால் அவர்களிடம் டிஎச்17 செல்கள் உருவாவதில்லை. கேண்டிடா பூஞ்சையும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் அவர்களை விடாமல் தாக்குகின்றன. எந்தச் சேதி அறுந்ததோ, அந்தச் சேதிக்கு உரிய கிருமிகளே உள்ளே வருகின்றன.

இன்னொரு மறுப்பு ஆழமானது. டிஎச்1, டிஎச்2 என்று பெட்டி போட்டுப் பிரிப்பது செயற்கை. டி செல்கள் நடுவழியில் வேடம் மாறும். கிருமியின் துணுக்கோடு டி செல் எவ்வளவு வலுவாகப் பிணைகிறது என்பதும் முடிவைப் பாதிக்கும் என்கிறார்கள். மூன்றும் உண்மை. டிஎச்17ஆக வளர்ந்த செல்கள் பின்னர் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கத் தொடங்குவது பலமுறை காணப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்துக்கும் இன்டர்லூக்கின்-12, 23 போன்ற சுற்றுப்புறச் சேதிகள்தான் காரணமாகின்றன. ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தைக் கலைக்கவில்லை. சேதி ஒருமுறை சொல்லி முடிவதல்ல, தொடர்ந்து சொல்லப்படுவது என்று திருத்துகிறது.

இந்தத் திருத்தம் மருத்துவமனையில் உயிர்ப் பிரச்சினை. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது 28 நாட்களுக்குள் இறந்தோர் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதே மருந்தால் பலன் தெரியவில்லை. தீங்கு இருந்திருக்கவும் கூடும். எதிர்ப்பு உருவாகிக்கொண்டிருக்கும் தொடக்க நாட்களில் சேதிகளை மொத்தமாக அடக்குவதும், அது தறிகெட்டபின் அடக்குவதும் ஒன்றல்ல என்றே இதை நான் வாசிக்கிறேன். 2021இல் இந்தியாவில் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை பரவியதில், கட்டுப்படாத சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டைத் தேவையின்றியும் அளவின்றியும் கொடுத்ததற்கும் பங்கு இருந்தது. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்றும் ‘அழற்சியைக் குறைக்கும்’ என்றும் பொதுவாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களை நான் நம்பாததும் இதனால்தான். எந்தச் சக்தி, எந்த அழற்சி என்ற கேள்வியை அவை கேட்பதே இல்லை.

குறிபார்த்து ஒரே மூலக்கூறைத் தடுக்கும் மருந்துகளும்கூட இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. டிஎச்17 செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் செகுகினுமாப், சொரியாசிஸ் நோயாளிகளின் தோலை வியக்கும்படி தெளிவாக்கியது. குரோன் என்ற குடல் அழற்சி நோயிலும் டிஎச்17 மிகுந்திருப்பதால் அங்கும் பலிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2012இல் வெளியான ஆய்வு முடிவு அதைப் பொய்யாக்கியது: மருந்து பெற்றவர்களில் சிலருக்கு நோய் கூடியது. தோலில் சேதம் செய்யும் அதே மூலக்கூறு குடலில் சுவரைக் காத்துக்கொண்டிருந்தது. இந்த மருந்தை எடுப்பவர்களில் சிலருக்கு வாயில் வெள்ளைப் படலமாகக் கேண்டிடா பூஞ்சை வருவதும் உண்டு. அதனால் இன்று இதை எழுதித் தரும் மருத்துவர், குடல் நோய் இருக்கிறதா என்றும் முதலில் விசாரிக்கிறார்.